அடுத்த திங்கட்கிழமை அவர் போனாரா?

சென்ற மார்கழியில் எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை இருபது முப்பது பேர் ஒரு மாடியறையில் கூடுவார்கள். சுவரில் ஒரு வெள்ளைத் துணி, கடன் வாங்கிய புரொஜெக்டர், பேச்சு முடிந்ததும் ஃபிளாஸ்க் தேநீர், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்ட பொருள் 'ஈஸ்ட் சைடு / வெஸ்ட் சைடு' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1963 செப்டம்பர் 23 அன்று தொடங்கி 1964 ஏப்ரல் 27 அன்று முடிந்துபோன, மொத்தமே 26 பகுதிகள் கொண்ட தொடர் அது. அதைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குத் தயாரிப்பே தேவையில்லை. துணிச்சலான தொடர், காலத்தை முந்திப் பிறந்தது, நிறவெறி பிடித்த தெற்கத்திய நிலையங்களும் பயந்தாங்கொள்ளி விளம்பரதாரர்களும் சேர்ந்து அதன் கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று பல வருடங்களாக ஒரே பாட்டைப் பாடி வந்திருக்கிறேன். கேட்பவர்களுக்கும் அது பிடிக்கும். வில்லன் யார் என்று தெரிந்த கதை, அதுவும் வில்லன் கடல் தாண்டி இருக்கும் கதை, மாலை நேரத்துக்கு ஏற்றது.

தொடரின் நாயகன் ஒரு சமூகப் பணியாளர். எலி கடித்து ஒரு குழந்தை இறந்துபோகும் பகுதியையும் விவரித்து, அன்றும் அப்படியே பேசி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கையைத் தூக்கினார். அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவச் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று பிறகு தெரிந்தது. "தம்பி, ஒரு சின்ன சந்தேகம்," என்றார். "அந்தக் கைக்குழந்தையை எலி கடிச்சிடுச்சு, குழந்தை செத்துப்போச்சு. சரி. அடுத்த திங்கக்கிழமை அவர் அந்த வீட்டுக்குத் திரும்பப் போனாரா?" நான் சிரித்துக்கொண்டே, "இல்லைங்கம்மா, அது வாரம் ஒரு தனிக்கதை. அடுத்த வாரம் வேற குடும்பம், வேற பிரச்சினை," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தொடர்னுதானே தம்பி சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நாம் அதைத் 'தொடர்' என்கிறோம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க வாராந்தர நாடகங்களில் நாயகனின் சட்டையும் அவனுடைய மேசையும் தவிர எதுவும் தொடர்வதில்லை. இந்தச் சிறிய உண்மையை வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் சொல்லிவந்த கொலைக் கதையைத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது. எனக்குக் கிடைத்த பிரதிகள் தேய்ந்தவை. முகங்கள் சில இடங்களில் பால் கொட்டியதுபோல் வெளுத்துப்போகின்றன. இருந்தாலும் அவற்றை மறுபடி போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

எலி

தொடரின் நாயகன் நீல் ப்ராக், நியூயார்க் நகரின் ஏழைப் பகுதியொன்றில் இயங்கும் தனியார் நல அமைப்பில் சமூகப் பணியாளர். அவராக நடித்தவர் ஜார்ஜ் சி. ஸ்காட், பின்னாளில் ஆஸ்கர் விருதையே வேண்டாம் என்று மறுத்தவர். கரகரத்த குரல், முறைத்துக்கொண்டே இருக்கும் புருவம், யாரிடமும் இனிமையாகப் பேச வேண்டும் என்ற அக்கறையே இல்லாத உடல்மொழி. அலுவலகத் தலைவி ஃப்ரீடாவாக எலிசபெத் வில்சன், அலுவலக உதவியாளர் ஜேன் ஃபாஸ்டராக சிசிலி டைசன். அமெரிக்கத் தொலைக்காட்சியின் வாராந்தர நாடகமொன்றில் நிரந்தரப் பாத்திரம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் டைசன்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய தலைமுடி: நேராக்கப்படாமல், இயல்பான சுருளோடு, ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கறுப்பினப் பெண்கள் திரையில் தோன்ற வேண்டுமென்றால் முடியைச் சூடு வைத்து நீட்டியாக வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்த நாட்களில், வாரந்தோறும் அந்தத் தலை திரையில் வந்து போனது. வசனத்தை அவருக்குக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். பாதி நேரம் தொலைபேசி எடுப்பதும் கோப்பு நீட்டுவதும்தான் வேலை. அந்தத் தலை மட்டும் யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

1963 நவம்பர் 4, திங்கட்கிழமை இரவு ஒளிபரப்பான பகுதியின் பெயர் 'ஹூ டூ யூ கில்?'. யாரைக் கொல்வது என்று தமிழில் சொல்லலாம். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெமில் ஒரு பழைய அடுக்ககம். அதில் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் கறுப்பினத் தம்பதி. மனைவி பக்கத்து மதுக்கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காக்கிறாள். வேலை கிடைக்காத கணவனுக்கு நாளுக்கு நாள் கசப்பு ஏறுகிறது. ஓர் இரவில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையை எலி கடித்துவிடுகிறது. மனைவியாக டயானா சாண்ட்ஸ், கணவனாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடரின் குரலாக மட்டும் அவரை அறிந்தவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அந்த இடிக்குரல் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது, பேசவேண்டியதையெல்லாம் தோள்கள் பேசிவிடுகின்றன.

குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் தெருவுக்கு ஓடி வருகிறான். டாக்ஸிகள் அவனைத் தாண்டிப் போகின்றன. ஓர் ஆள் கையை நீட்டுகிறான், வண்டி நிற்கவில்லை. கதையில் நடப்பது அவ்வளவுதான். ஓட்டுநரின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை, 'உன் நிறத்துக்கு வண்டி கிடையாது' என்று யாரும் வசனம் பேசுவதில்லை. பார்ப்பவருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், மறுபடி ஓடுகிறான். டாம் கிரைஸ் இயக்கிய இந்தப் பகுதி அடுத்த ஆண்டு அவருக்கு எம்மி விருதைப் பெற்றுத் தந்தது. எழுதியவர் ஆர்னல்ட் பெர்ல். ஐம்பதுகளில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு, வேலை கொடுக்கக்கூடாதவர்களின் கறுப்புப் பட்டியலில் வாடியவர். வேலை கேட்டுக் கதவைத் தட்டித் திரும்பியவரின் எழுத்து என்பது அந்தக் கணவனின் மௌனத்தில் தெரிகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

குழந்தை இறந்த பிறகுதான் இந்தப் பகுதி உண்மையில் தொடங்குகிறது. தாய் தனக்குள் போய்விடுகிறாள், கணவனோ யாரையாவது அடிக்க வேண்டும் என்று நிற்கிறான். ஆனால் யாரை? எலியையா, வீட்டுக்காரனையா, நிற்காத டாக்ஸியையா, பொந்தை அடைக்காத நகராட்சியையா? தலைப்பில் இருக்கும் கேள்வியை நான் அப்படித்தான் படிக்கிறேன். நம்முடைய நாயகன் ப்ராக் என்ன செய்கிறார்? வருகிறார், உட்கார்கிறார், ஏதோ சொல்லப் பார்க்கிறார். முன்பெல்லாம் இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது ஸ்காட்டின் நடிப்பை ரசிப்பேன். அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு பார்த்தபோது வேறொன்று தென்பட்டது. ஒரு மணி நேரக் கதையில், தான் நாயகனாக இருக்கும் தொடரில், அந்த மனிதருக்குச் செய்ய எதுவுமே இல்லை. அவரை அந்தக் கதையிலிருந்து எடுத்துவிட்டாலும் குழந்தை அதே இரவில்தான் இறந்திருக்கும்.

தீர்ப்பும் மருந்தும்

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இது எப்படிப்பட்ட சிக்கல் என்பது, அதே ஆண்டுகளில் ஓடிய மற்ற நாடகங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்குகிறது. 1961-இல் இரண்டு மருத்துவத் தொடர்கள் தொடங்கின, 'பென் கேசி', 'டாக்டர் கில்டேர்'. இரண்டும் பெரும் வெற்றி. அதே ஆண்டு, 'ஈஸ்ட் சைடு / வெஸ்ட் சைடு' தொடரைப் பின்னர் ஒளிபரப்பிய சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தில் 'தி டிஃபெண்டர்ஸ்' என்ற வழக்கறிஞர் தொடர் தொடங்கியது. அதுவும் துணிச்சலானதுதான். 1962 ஏப்ரலில் கருக்கலைப்பைப் பேசிய ஒரு பகுதிக்கு வழக்கமான விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டார்கள். ஆனாலும் அந்தத் தொடர் நான்கு ஆண்டுகள் ஓடியது. விளம்பரதாரர்கள் ஓடிப்போனதால்தான் ஒரு தொடர் சாகும் என்று நான் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான சாட்சி என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

நீதிமன்ற நாடகத்தில் எவ்வளவு பெரிய அநியாயத்தையும் கொண்டுவரலாம், ஏனென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தீர்ப்பு உண்டு. கட்சிக்காரர் தோற்றாலும் தீர்ப்பு தீர்ப்புதான். சுத்தியல் விழுகிறது, நாம் எழுந்து படுக்கப் போகலாம். மருத்துவமனையில் மருந்து உண்டு, அறுவை உண்டு, பிழைப்பும் சாவும் உண்டு. நோயாளி செத்துவிட்டாலும் மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு நடைவழியில் போவதைக் காட்டலாம். சமூகப் பணியாளரிடம் இவை எதுவும் கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு படிவம், ஒரு தொலைபேசி எண், வேறொரு அலுவலகத்துக்குப் பரிந்துரை. அவருடைய வேலையின் உயிரே திரும்பப் போவதில்தான் இருக்கிறது. கேள்வி கேட்ட அம்மா தேநீரின்போது அதைத்தான் சொன்னார்: "முதல் ஹோம் விசிட்ல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க தம்பி. மூணாவது தடவ போகும்போது தண்ணி குடுப்பாங்க. அப்பதான் பேச்சு வரும்."

திரும்பப் போவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை, திரும்பப் போகவே முடியாத வடிவத்துக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். வாராந்தர நாடகத்தின் இலக்கணம் அப்படி. எந்தத் திங்கட்கிழமை எவர் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் கதை புரிய வேண்டும். ஆகையால் சென்ற வாரம் நடந்தது இந்த வாரம் நினைவில் இருக்கக்கூடாது. நவம்பர் 11 அன்று ப்ராக் வேறொரு கதையில் வேறொருவரின் துன்பத்தோடு நிற்கிறார். ஒரு வாரத்துக்கு முன் குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஃப்ரீடாவோ ஜேனோ அவரோ ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. இது நாடக விதி என்று நமக்குத் தெரியும். ஆனால் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பொருந்துகிற மறதி இவருக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் ஒரு குடும்பத்தைக் கைவிடுகிறார் என்ற உணர்வு, தொடர்ந்து நான்கைந்து பகுதிகளைப் பார்த்தால், வந்தே தீருகிறது.

தொடரின் ஆதரவாளர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். தீர்வு சொல்லாமல் முடிப்பதுதான் அதன் நேர்மை என்பார்கள், நானே சொல்லியிருக்கிறேன். அந்த நேர்மையை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் தீர்வு இல்லாத முடிவை 26 வாரம் ஒருவர் தன் வரவேற்பறையில் உட்கார்ந்து தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கும், அப்படித் தாங்காதவர்களையெல்லாம் கோழைகள் என்று அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு மாடியறையில் நின்று திட்டுவதற்கும் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த ஆண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' என்ற நகைச்சுவைத் தொடர். அதுவும் சி.பி.எஸ். தந்ததுதான். எண்ணெய் கிடைத்துப் பணக்காரர்களான மலைநாட்டுக் குடும்பம் ஒன்று மாளிகையில் குடியேறுகிற கதை. 'ஈஸ்ட் சைடு' அந்தப் பருவத்தின் முதல் முப்பது இடங்களில் இல்லை.

கேபிள் கோளாறு

நான் சொல்லிவந்த கதையில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'யாரைக் கொல்வது' பகுதியை ஜார்ஜியாவின் அட்லாண்டாவிலும் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டிலும் இருந்த சி.பி.எஸ். நிலையங்கள் ஒளிபரப்பவில்லை. இதற்கு எந்தத் தடை உத்தரவும் தேவைப்படவில்லை. அன்றைய அமைப்பில் நெட்வொர்க் என்பது நிகழ்ச்சியை அனுப்பும் மூலம் மட்டுமே; வீட்டுக்கு அது வந்து சேர்வது உள்ளூர் நிலையம் வழியாக. சில நிலையங்கள் நெட்வொர்க்கின் சொந்தம், பெரும்பாலானவை தனியார் கையில். உரிமம் நிலையத்தின் பெயரில் இருப்பதால் எதைக் காட்டுவது எதை விடுவது என்ற பொறுப்பும் உரிமையும் நிலையத்துடையவை. பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பழைய திரைப்படத்தைப் போட்டுவிடலாம். நிகழ்ச்சியை வாங்காத ஒவ்வொரு நிலையத்துக்கும் பார்வையாளர் கணக்கு குறையும், அதனால் நெட்வொர்க் விளம்பர நேரத்துக்கு நியூயார்க்கில் கேட்கக்கூடிய விலையும் குறையும். அட்லாண்டாவின் வெறுப்பு இப்படித்தான் மன்ஹாட்டனின் கணக்குப் புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகர நிலையம் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது சி.பி.எஸ். நிலையம் அல்ல, என்.பி.சி. என்ற இன்னொரு நெட்வொர்க்கைச் சார்ந்தது. கறுப்பின உரிமைப் போராட்டத்தைப் பற்றிய நெட்வொர்க் நிகழ்ச்சி வரும்போது, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்று ஒரு பலகையைத் திரையில் போட்டுவிடுவார்கள். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டையைப் பார்த்து வளர்ந்த தூர்தர்ஷன் தலைமுறைக்கு இது ஒருவிதமான சிரிப்பை வரவழைக்கும். நம்முடையது பெரும்பாலும் உண்மையான தடங்கல். டபிள்யூ.எல்.பி.டி. என்ற அந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக்கூடாது என்று ஒரு தேவாலய அமைப்பு 1964-இல் மனுப்போட்டு, நீதிமன்றம்வரை போராடி, 1969-இல் அதை இழக்க வைத்தது.

ஆகவே நெரிக்கக் கைகள் இருந்தன. சி.பி.எஸ். தலைவர் ஜேம்ஸ் ஆப்ரிக்கும் இந்தத் தொடரின் தயாரிப்பாளர் டேவிட் சஸ்கைண்டுக்கும் இடையே உரசல் இருந்தது. கிராமிய நகைச்சுவையில் பணம் பார்த்துக்கொண்டிருந்த ஆப்ரிக்கு ஹார்லெமின் எலி இனிக்கவில்லை. மறுபக்கம் பாராட்டும் இருந்தது. நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜேவிட்ஸ் அந்தப் பகுதியைச் செனட்டில் பாராட்டிப் பேசினார். ஒரு தொலைக்காட்சி நாடகம் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறுவது சின்ன விஷயமில்லை. இவை எல்லாவற்றையும் நான் என் பேச்சில் சொல்வேன். சொல்லாமல் விட்டது என்னவென்றால், அதே வாரங்களில் ஹார்லெமில் எலிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை.

எலிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள்

1963 நவம்பர் தொடக்கத்தில், அதாவது அந்தப் பகுதி ஒளிபரப்பான அதே நாட்களில், ஹார்லெமில் வாடகை மறுப்புப் போராட்டம் தொடங்கியது. தலைமை தாங்கியவர் ஜெஸ்ஸி கிரே. வெந்நீர் இல்லை, சூடேற்றும் குழாய் வேலை செய்வதில்லை, சுவரெல்லாம் பொந்து, இரவெல்லாம் எலி. எனவே வாடகை கிடையாது. டிசம்பர் கடைசியில் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது குடியிருப்போர் செத்த எலிகளையே சாட்சியாகக் கொண்டுபோனார்கள். சில கட்டடங்களின் குடியிருப்போர் வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டாம், நீதிமன்றத்தில் கட்டினால் போதும் என்று தீர்ப்பும் வந்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொடரில் கணவனுக்கு அடிக்க ஆள் கிடைக்கவில்லை; தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரரின் பெயர் ரசீதில் இருந்தது. நாடகத்தில் ஒரு சமூகப் பணியாளர் ஒரு தம்பதியின் எதிரே தனியாக உட்கார்ந்து வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறார். இங்கே ஒரு மாடிப்படி முழுக்க மனிதர்கள். தொடரை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, தெரிந்துதான் எழுதியிருப்பார்கள். ஆனால் வாராந்தர நாடகத்துக்கு ஒரு நாயகன் வேண்டும், அவர் பெயர் வாரந்தோறும் திரையில் வர வேண்டும், கூலி அவருக்குத்தான். ஒரு மாடிப்படி முழுவதும் நாயகனாக இருக்கும் தொடரை அன்று எந்த நெட்வொர்க்கும் வாங்கியிருக்காது. இன்று வாங்குவார்களா என்பதும் சந்தேகம்தான்.

எலி விஷயம் அதோடு முடியவில்லை. 1967 ஜூலையில் எலி ஒழிப்புக்காக இரண்டு ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. உறுப்பினர்கள் எலியை வைத்துச் சிலேடை பேசிச் சிரித்தார்கள்; விவாதத்துக்கே எடுக்க வேண்டாம் என்று 207-க்கு 176 வாக்குகளில் தள்ளிவிட்டார்கள். பிறகு எழுந்த கண்டனத்தால் வேறொரு சுகாதாரச் சட்டத்தின் பகுதியாக அதே ஆண்டில் அது திரும்பி வந்தது. அவைக் குறிப்பில் பதிவான அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிற்காத டாக்ஸிதான் நினைவுக்கு வருகிறது.

அதிகாரம் கிடைத்த பிறகு

1963 நவம்பர் 22-இல் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். 25, திங்கட்கிழமை; அன்று எந்த நாடகமும் இல்லை, மூன்று நெட்வொர்க்குகளும் இறுதி ஊர்வலத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. டிசம்பர் 2 அன்று தொடர் திரும்பியபோது வந்தது 'நோ ஹைடிங் பிளேஸ்' என்ற பகுதி. வெள்ளையர் மட்டுமே வாழும் புறநகருக்கு ஒரு கறுப்பினத் தம்பதி குடிவருகிறார்கள். ரூபி டீயும் ஏர்ல் ஹைமனும். இதில் வெறுப்பைவிடத் தரகுதான் முன்னால் நிற்கிறது. 'கறுப்பர்கள் வந்துவிட்டார்கள், இனி உங்கள் வீட்டுக்கு விலை போகாது' என்று வெள்ளைக் குடும்பங்களைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதே வீட்டை வேறிடம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்கும் வீட்டுத் தரகர்களின் தந்திரத்தை அது அக்குவேறு ஆணிவேறாகக் காட்டுகிறது. எழுதிய மில்லர்ட் லாம்பெல்லும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்தான். இந்த ஒரு பகுதியில் ப்ராக் ஏறக்குறைய உதிரிப் பாத்திரம், அதனாலேயே கதை நன்றாக மூச்சு விடுகிறது.

பருவத்தின் பிற்பாதியில் தொடரின் போக்கே மாறியது. ப்ராக் நல அமைப்பை விட்டுவிட்டு காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இளம் உறுப்பினர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். அதோடு ஃப்ரீடாவும் ஜேனும் பின்னால் நகர்த்தப்பட்டார்கள். சிசிலி டைசனின் அந்தத் தலைமுடியும் கோப்புகளோடு சேர்ந்து அலமாரிக்குள் போய்விட்டது. இந்த மாற்றத்தின் தர்க்கம் புரிகிறது. படிவத்தால் முடியாததைச் சட்டத்தால் செய்யலாம். இனி நாயகனுக்குச் செயல் உண்டு, அதிகாரம் உண்டு, தீர்ப்பு மாதிரி ஒன்றும் உண்டு. 1964 ஜனவரியில் புதிய அதிபர் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்திருந்தார், காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது. ஆனால் எனக்கு அந்தப் பகுதிகள் பிடிக்கவில்லை. ஸ்காட் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நடைவழிகளில் நடக்கிறார், தொலைபேசியில் கத்துகிறார், காரியம் நடக்கிறது. முன்பு கையாலாகாமல் உட்கார்ந்திருந்தபோது அந்த முகத்தில் இருந்தது இப்போது இல்லை.

முன்பு நான் இந்த மாற்றத்தையும் கொலைகாரர்கள் கணக்கில் எழுதுவேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல நாக்கு எழவில்லை. தொடர் தன்னுடைய சிக்கலைத் தானே கண்டுகொண்டு அதிலிருந்து தப்ப வழி தேடியிருக்கிறது. தேடிய வழி தவறாகப் போய்விட்டது. தேவைப்பட்டது அதிகாரம் உள்ள நாயகன் அல்ல, நினைவாற்றல் உள்ள தொடர். நவம்பர் 4-இல் செத்த குழந்தையைப் பற்றி ஜனவரியில் ஜேன் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். வாரத்துக்கு வாரம் கதை தொடரும் இரவு நேர நாடகங்கள் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வருவதற்கு அப்போது காலம் இருந்தது. அன்றாடம் தொடரும் கதைகள் பகல் நேரத்தில் இருந்தன, சோப்பு விற்றுக்கொண்டு. கௌரவமானவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் மெகா தொடர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் என் போன்றவர்களுக்கும் இதில் ஒரு குத்தல் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் திரும்பத் திரும்பப் போகும் பொறுமை அந்த மட்டமான வடிவத்திடம்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள், அந்த அம்மாவின் எண்ணை வட்டத்தை நடத்துபவரிடம் வாங்கி அழைத்தேன். என்னை நினைவிருந்தது. "இல்லைங்கம்மா. அவர் திரும்பப் போகவே இல்லை," என்றேன். "எல்லாப் பகுதியும் பாத்தீங்களா தம்பி?" என்றார். கிடைத்தவற்றையெல்லாம் பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த எலிக் கதையை மட்டும் பேரனின் மடிக்கணினிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் புரியாது, ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றே அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து அவரே அழைத்தார். "டாக்ஸி நிக்காம போற இடத்துல நிறுத்தி வெச்சிருக்கேன் தம்பி," என்றார். "மிச்சத்த ஞாயித்துக்கிழமை பாக்கறேன். அந்தப் பொண்ணு வேலை செய்ற கடைக்கு யாராவது போய் லீவு சொன்னாங்களா, அத மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."

எனக்கு நினைவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.